மலைக்கு நாள் பார்த்துப் போவோம்

(ராஜபாளையத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊர்களில் மேற்கு எது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலை நிற்கிற பக்கம் மேற்கு. தேவதானம், சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று அடிவாரத்தை ஒட்டிய எந்த ஊரில் மொட்டைமாடி ஏறினாலும் அது தெரியும். ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காலை வெயிலில் பார்த்தால், பாறையில் வழிகிற ஓடைகூட வெள்ளைக் கோடாகத் தெரியும். இவ்வளவு கிட்டத்தில் மலையை வைத்துக்கொண்டு, அதில் ஒரு மணி நேரம் அமைதியாக நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மலைக்குப் போனவர்கள் ஏராளம். அய்யனார் அருவியில் குளித்தவர்கள் உண்டு, சதுரகிரி மலைக்கோவிலுக்கு ஏறியவர்கள் உண்டு. அநேகமாக எல்லோரும் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பியவர்கள்.

அதனால்தான், "கூட்டமில்லாத பாதை ஒன்று சொல்லுங்கள் சார்" என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். பஞ்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களில் நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவர்களும் கேட்கிறார்கள். நாளெல்லாம் இரைச்சலில் உழைக்கிற மனிதன் வாரத்தில் ஒரு நாள் அமைதி கேட்பது ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை மதித்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மலையில் கூட்டம் நாளைப் பொறுத்தது. இடத்தைப் பொறுத்தது மிகக் குறைவு. யாருக்கும் தெரியாத பாதையைத் தேடி அலைய வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பாதைக்கு, யாரும் வராத நாளில், அனுமதியோடு போங்கள். நீங்கள் கேட்கும் அமைதி அங்கேயே கிடைக்கும். அதைத் தாண்டி உள்ளே கிடக்கிற தடங்களை விட்டுவிடுங்கள். ஏன் விட வேண்டும் என்பதுதான் என் பேச்சின் பெரும்பகுதி.

முதலில் நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் மலைக்கு மக்கள் வருவது பஞ்சாங்கத்தைப் பார்த்து. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி. புரட்டாசி சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாள். அதே சனிக்கிழமைகளில் செண்பகத்தோப்புக்கு மேலே காட்டழகர் கோவில். அருவியில் தண்ணீர் விழுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அய்யனார் கோவில். காணும் பொங்கலுக்கு எல்லா இடமும். இந்த நாட்களை ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். ஆண்டில் பெரும்பகுதி மிஞ்சும். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தையில் ஒரு புதன்கிழமை என்று யாரும் கணக்கில் வைக்காத நாட்கள் எத்தனையோ இருக்கின்றன. மார்கழியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க ஆண்டாள் சந்நிதியில் நிற்கும். சபரிமலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் செங்கோட்டைச் சாலையை அடைத்துக்கொண்டு ஓடும். அத்தனை கூட்டமும் சாலையிலும் சந்நிதியிலும் இருக்க, மலையடிவாரம் காலியாகக் கிடக்கும். பருவமும் அப்போதுதான் உகந்தது. நம் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கச் சரிவு வாங்கிக்கொள்ளும். நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழை முடிந்த பிறகு ஓடைகளில் தெளிந்த தண்ணீர் ஓடும், காடு பச்சையாக இருக்கும், வெயில் பொறுக்கும்படி இருக்கும்.

சதுரகிரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மலையில் அதிகம் பேர் நடந்த பாதை அதுதான். தாணிப்பாறையில் தொடங்கி வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பச்சரிசிப்பாறை, பிலாவடிக் கருப்பசாமி என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் பெயர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நடந்தவர்கள் வைத்த பெயர்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்த இடம், தண்ணீர் குடித்த இடம், வழுக்கி விழுந்த இடம் எல்லாம் அந்தப் பெயர்களில் இருக்கின்றன. முன்பு எந்த நாளிலும் ஏறலாம், மேலேயே ராத்திரி தங்கலாம் என்றிருந்தது. சாப்டூர்ப் பக்கமிருந்தும் வருசநாட்டுப் பக்கமிருந்தும் மலையைக் கடந்து வந்து சேர்கிறவர்களும் உண்டு.

2015 மே மாதம், அமாவாசையை ஒட்டி வந்த கூட்டத்தின் மேல் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. பக்தர்கள் பலர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்கள் என்று கட்டுப்பாடு இறுகியது. மேலே தங்குவதற்கும் தடை வந்தது. இன்றும் எந்த நாள், எந்த நேரம் என்று வனத்துறை அறிவிப்பில் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மழை எச்சரிக்கை வந்துவிட்டால் அனுமதித்த நாளிலும் கேட்டை அடைத்துவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று கேட்டில் நின்று சண்டை போடுகிறவர்களைப் பார்க்கிறோம். அந்த ஓடை எப்படிப் பெருகும் என்று தெரிந்தவர்கள் சண்டை போட மாட்டார்கள்.

எப்படிப் பெருகும் என்று சொல்கிறேன், கேளுங்கள். நம் மலையின் கிழக்குச் சரிவு செங்குத்து. பாறை அதிகம், மண் குறைவு. கோடையில் மத்தியானத்துக்கு மேல் உச்சியில் இடிமழை பிடிக்கும். கீழே தாணிப்பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழுந்திருக்காது. மேலே பெய்த மழையைப் பாறை உறிஞ்சாது. அத்தனையும் ஓடைக்கு வரும். பத்து ஓடை ஒன்றாகிறபோது, கணுக்கால் நனைத்துக் கடந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். நடுவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அறிகுறி இல்லாமல் இல்லை. தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். காற்று இல்லாதபோதே மண்வாசனை வரும். பிறகு மேலே எங்கோ கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்கத் திரும்பக்கூடாது. ஓடையை விட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். மலை ஓடை வந்த வேகத்தில் வடியவும் செய்யும். மழை நின்று சில மணி நேரம் பொறுத்தால் வழி கிடைக்கும். இருட்டிவிடுமே என்று கைகோத்துக்கொண்டு இறங்குவதில்தான் உயிர் போகிறது.

அமைதியைப் பற்றிப் பேச வந்துவிட்டு வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஆளில்லாத நாளில் போகிறவனுக்கு இந்த அறிவு இரண்டு மடங்கு தேவை. கூட்டத்தில் ஒருவன் வழுக்கினால் பிடிக்கப் பத்துக் கை வரும். அமைதியான பாதையில் நீங்களும் கூட வந்த ஓரிருவரும்தான்.

இனி செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சில மைல் தூரம். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு தொடங்கும். 1988-இல் இந்த மலைப்பகுதியைச் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவித்தார்கள். சுமார் 485 சதுர கிலோமீட்டர். தென்மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம், வடமேற்கே மேகமலை. 2021-இல் நம் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் அது ஐந்தாவது, நாட்டில் 51-ஆவது. நம் ஊர் மாடியிலிருந்து தெரிகிற மலை ஒரு புலிக்காடு என்பதை நம்மில் பலர் இன்னும் உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தச் சாம்பல் நிற அணிலைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டு முற்றத்து அணிலைப் போலப் பல மடங்கு பெரிது. உடம்பு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு நீளத்துக்கு வால். முதுகும் வாலும் நரைத்த சாம்பல் நிறம். ஓடைக்கரையில் மா, புளி, நாவல், மருது என்று பெரிய மரங்கள் கிளையோடு கிளை உரசி நிற்கிற இடம்தான் அதற்கு வீடு. தரைக்கு வருவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவியே போகும். கூட்டை எங்கே கட்டும் தெரியுமா? இரண்டு மூன்று மரங்களின் உச்சி ஒன்றோடு ஒன்று சேர்கிற இடத்தில். கழுகு வந்தாலும் வேறு எதிரி வந்தாலும் எந்தப் பக்கமும் தப்பிப் போக வழி வேண்டும் அல்லவா? கூடு சுள்ளியும் இலையும் சேர்த்துக் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் ஒரு கூடைச் சருகு கிளையில் மாட்டிக்கொண்டது போலத் தெரியும். ஓர் அணில் ஒரே கூட்டோடு நிற்காது. பல கூடுகள் கட்டி மாறி மாறித் தங்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்கிற பிராணி அது. இந்தியாவிலும் நாடு முழுக்கக் கிடையாது. தென்னிந்தியாவில் சில இடங்களில்தான். அதன் பெயரிலேயே ஒரு சரணாலயம் நம் ஊரில் இருக்கிறது. பைக்கில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மீன்வெட்டிப்பாறை அருவிக்கு வருகிற பையன்களுக்கு, தலைக்கு மேல் கிளையில் அது வயிற்றைக் கிளையோடு ஒட்டி அசையாமல் படுத்திருப்பது தெரியவே தெரியாது. ஆள் சத்தம் கேட்டால் அது அப்படித்தான் செய்யும். நீங்கள் பேசாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வால் அசையும். பிறகு தலை தெரியும். பிறகு கொறித்துப் போட்ட புளியங்காய் ஓடு உங்கள் பக்கத்தில் விழும். கூட்டமில்லாத பாதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

அந்த உயிர் பிழைப்பது மரங்களின் உச்சி ஒன்றையொன்று தொடுவதால். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் சாலை அறுந்துவிடும். அடிவாரத்துத் தோப்புக்காரர்கள் பலர் பழைய புளியமரத்தையும் மாமரத்தையும் விட்டுவைத்திருப்பதால், சரணாலய எல்லைக்கு வெளியேயும் அது கூடு கட்டுகிறது. சம்சாரிகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். காய்க்கிற பருவத்தில் யானை இறங்கித் தென்னையைச் சாய்க்கும் நஷ்டத்தையும் அவர்கள்தான் தாங்குகிறார்கள்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன்.

2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போன இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கமிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் இளம் வயது, பெண்கள் அதிகம். கொளுக்குமலை போய்த் திரும்புகிற வழியில், காய்ந்த புல் நின்ற சரிவில், காற்றோடு வந்த தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் உரிய அனுமதி இல்லாத தடத்தில் போனார்கள் என்று அரசுத் தரப்பில் அப்போது சொன்னார்கள். இறந்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அவர்கள் தேடிப் போனதும் இன்று நீங்கள் என்னிடம் கேட்பதும் ஒன்றுதான். கூட்டமில்லாத மலை. அதனால்தான் இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

புல்லுத் தீயைப் பற்றி மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். அனல் மேலே போவதால் முன்னால் நிற்கிற புல் தீ தொடும் முன்பே காய்ந்து தயாராக இருக்கும். மனிதன் மேடு ஏறி அதை ஜெயிக்க முடியாது. பள்ளமும் புதரும் அடுப்பாக மாறும். எரிந்து முடிந்த கருப்புத் தரை, வெறும் பாறை, புல் இல்லாத ஓடைப் படுகை இவைதான் பாதுகாப்பு. மாசி, பங்குனியில் நம் மலையிலும் புல் அப்படித்தான் காய்ந்து நிற்கிறது. வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள்; வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இலைக் கொத்தோடு ராத்திரி பகலாக அடித்து அணைக்கிறார்கள். அந்த மாதங்களில் மலைப்பாதைகளை அடைத்து வைப்பதை எதிர்த்து யாரும் முணுமுணுக்கக்கூடாது.

குரங்கணிக்குப் பிறகு 2018-இலேயே மலையேற்றத்துக்கு மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு. விருதுநகர் மாவட்டமும் அதில் இருக்கிறது. செண்பகத்தோப்பிலிருந்து புதுப்பட்டிக்குப் போகிற பாதை அவற்றில் ஒன்று. உதகைப் பக்கமும் கொடைக்கானல் பக்கமும் பெயர் தெரிந்த பாதைகளுக்கு ஆள் அலைமோதுகிறபோது, நம் பக்கத்துப் பாதைகளை வெளியூர்க்காரர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கூட்டமில்லாத பாதை கேட்டீர்களே, சட்டப்படி திறந்தே கிடக்கிறது. வார நாளில் பதிவு செய்து பாருங்கள். உங்கள் குழுவைத் தவிர வேறு யாரும் இல்லாமல் நடப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

"காசு கட்டி, நேரம் குறித்து, வழிகாட்டி பின்னால் நடப்பதா? அதில் என்ன சுதந்திரம்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வழிகாட்டிகளாக வருகிறவர்களில் அடிவார ஊர் இளைஞர்களும் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். செண்பகத்தோப்பிலும் அத்திக்கோவிலிலும் தாணிப்பாறையிலும் பளியர் குடும்பங்கள் வாழ்கின்றன. தேனும் கிழங்கும் மூலிகையும் தேடி அவர்களின் முன்னோர் நடந்த தடங்களைத்தான் நாம் 'டிரெக்கிங் பாதை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவர்களில் ஒருவரோடு காட்டுக்குள் போய்ப் பாருங்கள். நாம் பாதையைப் பார்த்து நடப்போம். அவர் பாதையின் இரண்டு பக்கத்தையும் படித்துக்கொண்டு நடப்பார். யானை லத்தியைக் கண்டால் குனிவார். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் ஒரு கணக்கு. மேலேயும் பளபளப்பாக இருந்தால் வேறு கணக்கு. ஒடித்துப் போட்ட கிளையில் இலை வாடிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கையில் ஒரு பிடி மண்ணை உதிர்த்துப் பார்ப்பார். மரத்தின் மேலிருந்து மந்தி ஒரு மாதிரிக் கத்தினால் நிற்பார், சிறுத்தை நடமாட்டமோ என்று. நம்மைக் கையமர்த்துவார். அப்போது நாமும் நிற்போம். நாள் முழுக்க நடந்தும் கிடைக்காத அமைதி அந்த நிற்றலில் கிடைக்கும். அது அவருக்கு வேலையின் ஒரு பகுதி. நமக்குப் பெரிய பாடம். ஒரு நாள் கூலி கொடுத்து இந்தப் பாடத்தைப் பெறுவதைச் சுதந்திரக் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

வேறு சிலர் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பேய்மலை மொட்டைச் சிகரத்துக்குப் பழைய தடம் இருக்கிறதாமே, அந்தப் பக்கம் ஏறிக் கேரளத்தில் இறங்கலாமாமே என்று. சொல்ல மாட்டேன். இந்த மேடையிலிருந்தும் சொல்ல மாட்டேன். காட்டுமாடு, மிளா, கரடி, செந்நாய், சிங்கவால் குரங்கு, புலி என்று எல்லாவற்றுக்கும் மனித வாடை படாத கொஞ்சம் நிலம் வேண்டும். குட்டியோடு நிற்கிற யானை ஒதுங்குகிற இடம் அது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். மேலே இருக்கிற சோலையும் புல்மேடும்தான் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து முடங்கியாற்றுக்கும் பிளவக்கல் அணைகளுக்கும் சாஸ்தா கோவில் அணைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. ராஜபாளையத்துக் குடிதண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருவது அந்த மலையிலிருந்துதான்.

மலையை ஏறாமல் விட்டுவைப்பது நமக்கு மட்டும் உள்ள யோசனை அல்ல. பூடான் நாட்டில் 1994-இல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதைத் தடை செய்தார்கள். 2003-இல் மலைச்சிகரம் ஏறுவதையே முழுக்க நிறுத்தினார்கள். அவர்கள் நாட்டு எல்லையில் நிற்கிற காங்கர் புயென்சும் 7,570 மீட்டர். மனிதன் கால் படாத சிகரங்களில் உலகத்திலேயே உயரமானது அது. மேலே தெய்வம் குடியிருக்கிறது என்று கீழே உள்ளவர்கள் நம்புகிறார்கள். அரசு அந்த நம்பிக்கையை மதித்தது. பெரு நாட்டில் மச்சுபிச்சுவுக்குப் போகிற இன்கா பாதையில் சுமைதூக்கிகள், வழிகாட்டிகள் எல்லோரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான். பிப்ரவரி மாதம் முழுக்க அடைப்பு. நமக்குப் பக்கத்தில் அகத்தியமலைக்குக் கேரள வனத்துறை ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் ஆள் கணக்கு வைத்து அனுப்புகிறது. அமைதியான பாதை என்று உலகம் கொண்டாடுகிற பலவும் இப்படி எண்ணிக்கை வைத்துக் காப்பாற்றப்பட்டவை. சதுரகிரிக்கும் காட்டழகருக்கும் இப்படி ஒரு நாள் எண்ணிக்கை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பக்தர்கள் மனம் புண்படும் என்று தயங்குகிறார்கள். மலையே சாமி என்று கும்பிடுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொன்னால் புரியும் என்று நம்புகிறேன்.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. யாரும் வராத ஓர் ஓடையைக் கண்டுபிடித்தால் அதைப் படம் எடுத்து, இடத்தின் பெயரோடு இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஐம்பது பைக் நிற்கும். அதற்கடுத்த வாரம் பாட்டில் உடைந்து கிடக்கும். அந்தக் கண்ணாடி ஒரு யானையின் பாதத்தில் ஏறினால், அது புண்பட்டு அழுகிச் சாகிற வரை நடக்கும். படம் போடுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள்.

அனுமதியும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம், மனம் போனபடி நடக்க வேண்டும் என்கிறவர்களுக்கு நம்மிடம் அருமையான இடம் ஒன்று இருக்கிறது. யாரும் அதை நடக்கிற இடமாக நினைப்பதில்லை. கண்மாய்க் கரை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாய், வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள கண்மாய்கள், ராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் மேற்கே உள்ளவை. தை மாதத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் தண்ணீர், எதிரே தடுப்பில்லாமல் மலை முழுதும். மடைக்குப் பக்கத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். நடுத்தண்ணீரில் முக்குளிப்பான் மூழ்கி எழும். பட்டமரத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கும். நம் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே மலையின் நிழல் வயலைத் தாண்டி, கரையைத் தாண்டி, ஊர்ப்பக்கம் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலையை நன்றாகப் பார்க்க மலைக்குள் போக வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி நின்றால்தான் அதன் முழு உருவமும் கிடைக்கும். வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். ஒரு காசு செலவில்லை. சம்சாரியின் வரப்பை மிதிக்காமல், கரை மேலேயே நடந்தால் போதும்.

மலைக்குப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்லி முடிக்கிறேன். நான்கைந்து பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். ஆள் கூடினால் பேச்சு கூடும். தனியாகவும் போகாதீர்கள். காலையில் கேட் திறந்ததும் உள்ளே போய், வெயில் சாய்வதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அடிவாரத் தோப்புகள் யானைக்கு உரியவை. சென்ட்டு, பவுடர் வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். கட்டுச்சோறு கட்டிப் போங்கள். எலுமிச்சம்பழச் சாதமும் துவையலும் வாழை இலையில் மடித்தால் மத்தியானம் வரை கெடாது, பிளாஸ்டிக்கும் மிஞ்சாது. குரங்குக்கு ஒரு பிடி சோறுகூடப் போடக்கூடாது. மழைக்குப் பிறகு ஈரக் காட்டில் அட்டை ஏறும். உப்பும் மூக்குப்பொடியும் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் எந்த மாதத்திலும் வேண்டாம். வீட்டில் எந்தப் பாதைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த வருஷம் மழை முடிந்ததும் நான் சில இளைஞர்களோடு செண்பகத்தோப்புப் பாதைக்கு ஒரு வார நாளில் பதிவு செய்யப் போகிறேன். பாதி நாள் நடை. தொடக்கக்காரர்களும் வரலாம். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். ஐந்து பேர் சேர்ந்ததும் ஒரு குழுவை நிறுத்திக்கொண்டு, மற்றவர்களுக்கு வேறு தேதி பார்ப்போம். அன்றைக்கு மட்டும் கைப்பேசிகளை அணைத்துப் பையில் வைத்துவிட வேண்டும் என்பது என் நிபந்தனை. சம்மதம் உள்ளவர்கள் வாருங்கள்.